வெட்டியெடுத்த பிறகே தெரியும் ஆழம்

உணவுக்குழாய்ப் புற்று குறித்து ஜப்பானில் நடந்த ஜேசிஓஜி 0508 ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியானபோது எல்லோரும் எடுத்துப் பேசிய எண் 92.6. அதில் சேர்ந்த நோயாளிகளில் மூன்று ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்களின் விழுக்காடு அது. எனக்கு அந்த ஆய்வின் பெரிய செய்தியாகப் படுவது வேறோர் எண்: 74.

உணவுக்குழாயின் சளிப்படலத்தைத் தாண்டி அதற்கடுத்த அடுக்குக்குள் புற்று இறங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கணித்த 176 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். கணிப்பு சரியென்றால் அவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் சிகிச்சை உணவுக்குழாயையே அகற்றுவது. இங்கே அப்படிச் செய்யவில்லை. முதலில் வாய்வழியே எண்டோஸ்கோப்பை இறக்கிக் கட்டியை உரித்தெடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். 74 பேருக்குப் புற்று சளிப்படலத்தைத் தாண்டவே இல்லை. ரத்தக்குழாய்க்குள்ளோ நிணநீர்க்குழாய்க்குள்ளோ நுழைந்ததற்கான தடயமும் இல்லை, வெட்டிய விளிம்பும் சுத்தம். அவர்களுக்கு அதற்கு மேல் எந்தச் சிகிச்சையும் தேவைப்படவில்லை. தேர்ந்த கண்கள், நல்ல கருவிகள், ஜப்பானின் முன்னணி மருத்துவமனைகள் எல்லாம் சேர்ந்து செய்த கணிப்பு, பத்தில் நான்கு பேர் விஷயத்தில் நோயை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டியிருக்கிறது.

உணவுக்குழாயின் தொடக்கநிலைக் கட்டிகளை எண்டோஸ்கோப் வழியே அகற்றும் முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் மென்மையைப் புகழ்கிறார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டாம், சில நாளில் வீடு திரும்பலாம், குழாய் அப்படியே இருக்கும். இவை உண்மை. ஆனால் இம்முறைக்கு மருத்துவத்தில் இவ்வளவு உயர்ந்த இடம் கிடைத்ததற்கு அவை மட்டும் போதுமான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்ற கேள்விக்கு வேறெந்தச் சோதனையாலும் தரமுடியாத விடையை, சிதையாத ஒரு துண்டுத் திசுவின் வடிவில் இது மேசைமேல் கொண்டுவந்து வைக்கிறது. அதுவே இதன் முதல் பயன் என்பது என் வாதம். அதை ஏற்றுக்கொண்டால், எந்த இடத்தில் இம்முறை வெல்கிறது, எங்கே தடுமாறுகிறது, எங்கே அதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் தெளிவாகும்.

ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்? உணவுக்குழாயின் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். உள்பக்கம் சளிப்படலம். அதுவே மூன்று மெல்லிய அடுக்குகளால் ஆனது: மேற்பரப்புச் செல்கள், அவற்றைத் தாங்கும் இணைப்புத்திசு, அதற்கும் கீழே நூல்போன்ற ஒரு தசைத்தகடு. அதன் பின் தளர்வான கீழ்ப்படலம். அதற்கப்பால் உணவைத் தள்ளும் தடித்த தசை. பெருங்குடலில் சளிப்படலத்துக்குள் நிற்கும் புற்று நெறிக்கட்டிகளுக்குப் பரவாது என்றே கொள்ளலாம். உணவுக்குழாயில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. இங்கே நிணநீர்க்குழாய்கள் சளிப்படலத்துக்குள்ளேயே மேலேறி வந்து நிற்கின்றன. அதனால் ஓரிரு நூறு மைக்ரான் வித்தியாசம் ஒருவரின் சிகிச்சையையே மாற்றிவிடுகிறது.

ஒசாகாவில் எண்டோஸ்கோப் வழியே கட்டி அகற்றப்பட்ட 402 பேரைத் தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல அளவுகோல். உணவுக்குழாய்ப் புற்றின் ஒரு வகையான செதிள்செல் புற்று மேலிரண்டு அடுக்குகளுக்குள் நின்றிருந்தவர்களில் ஐந்தாண்டில் நோய் பரவியது 0.4 விழுக்காட்டினருக்கு. தசைத்தகட்டைத் தொட்டிருந்தால் 8.7. கீழ்ப்படலத்தின் முதல் 200 மைக்ரானுக்குள் என்றால் 7.7. அதற்கும் கீழே போயிருந்தால் 36.2. இந்த வரிசையைப் பார்க்கிறவர்கள் ஆழம்தான் எல்லாம் என்று முடிவு கட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சளிப்படலத்துக்குள் நின்ற புற்றுகளையே எடுத்துக்கொண்டு, குழாய்களுக்குள் ஊடுருவல் இருந்ததா என்று பிரித்தால், இல்லாதவர்களில் 0.7 விழுக்காடு, இருந்தவர்களில் 46.7 விழுக்காடு. ஆழம் குறைவு என்று நிம்மதியடைந்த நோயாளிக்கு ஊடுருவல் இருந்தால் பரவல் வாய்ப்பு ஏறத்தாழ பாதிக்குப் பாதி. ஊடுருவலை எந்த ஸ்கேனும் காட்டாது. சிறு பயாப்சித் துணுக்கில் அது தப்பிப்போகும். முழுக்கட்டியையும் சீவிப் பார்த்தால்தான் தெரியும்.

எதிர்த்தட்டில் இருப்பது அறுவை சிகிச்சை. அதன் விலை என்ன என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1913-இல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற அறுவை மருத்துவர் 67 வயதுப் பெண் ஒருவரின் உணவுக்குழாயை நெஞ்சுவழியே அகற்றி வெற்றி கண்டார். அவர் பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். கழுத்திலிருந்த திறப்பையும் வயிற்றிலிருந்த திறப்பையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்து அதன்வழியே சாப்பிட்டார். அங்கிருந்து இந்தச் சிகிச்சை நெடுந்தூரம் வந்திருக்கிறது. இரைப்பையைக் குழாய்போல் தைத்து நெஞ்சுக்குள் மேலே இழுத்து இணைக்கும் முறைகள் நிலைபெற்றுவிட்டன. ஆனாலும் 2002-இல் பெர்க்மேயரும் சகாக்களும் அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேரின் பதிவுகளை அலசியபோது, மிகக் குறைவாக இந்த அறுவையைச் செய்யும் மருத்துவமனைகளில் ஐந்தில் ஒரு நோயாளி இறந்தார், மிக அதிகமாகச் செய்யும் இடங்களில்கூட நூற்றுக்கு எட்டுப்பேர் இறந்தார்கள் என்று தெரிந்தது.

அந்தப் பழைய எண்ணை மட்டும் காட்டி அறுவையைக் கண்டனம் செய்வது நியாயமில்லை. 2019-இல் வெளியான பிரான்ஸின் மிரோ ஆய்வில், வயிற்றுப் பகுதியை லேப்ராஸ்கோப்பி மூலம் செய்தபோது பெரிய சிக்கல்கள் 64 விழுக்காட்டிலிருந்து 36 ஆகக் குறைந்தன. நல்ல மையங்களில் இறப்பு இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. இருந்தாலும் அந்த 36-ஐக் கவனியுங்கள். சிறந்த கைகளில், குறைந்த வெட்டோடு செய்தாலும் மூன்றில் ஒருவருக்குப் பெரிய சிக்கல். அதற்குப் பின் வாழ்நாள் முழுக்கச் சிறிது சிறிதாகச் சாப்பிட வேண்டும். படுத்தால் எதுக்களிப்பு, எடை இழப்பு, சிலருக்குக் குரல் கம்மிப்போதல். பரவாத நோய்க்கு இந்த விலையைக் கொடுக்கச் செய்வது பெரிய தீங்கு. பரவிய நோயை உரித்தெடுத்துவிட்டு, குணமாயிற்று என்று வீட்டுக்கு அனுப்புவதும் அதே அளவு தீங்கு. இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க மைக்ரான் கணக்கு வேண்டும்.

கோடு கிழிக்கும் திறன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் இனோவே ஹருஹிரோவும் அவருடைய தோக்கியோ குழுவும் எண்டோஸ்கோப்பின் நுனியில் ஒளிபுகும் குப்பியொன்றைப் பொருத்தி, புண்ணை அதற்குள் உறிஞ்சி இழுத்து, கம்பிச் சுருக்கால் அறுத்தெடுக்கும் வழியைக் கண்டார்கள். இஎம்ஆர் என்று இன்று வழங்கும் முறைகளில் அது ஒன்று. விரைவானது, கற்பதற்கு எளிது. குறை என்னவென்றால், குப்பிக்குள் அடங்கும் அளவுதான் ஒருமுறைக்கு வரும். இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கட்டியைத் துண்டு துண்டாகத்தான் எடுக்க முடியும். துண்டுகளைச் சேர்த்து வைத்து, எந்த விளிம்பு கட்டியின் வெளிவிளிம்பு, எது இரு துண்டுகளுக்கு நடுவே வெட்டிய விளிம்பு என்று எந்தப் பேத்தாலஜிஸ்டாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இடையில் விட்டுப்போன திட்டிலிருந்து புற்று மீண்டும் முளைக்கும். நோயாளியின் உடலில் நடக்கும் இழப்பு சிறிது. அறிவில் நடக்கும் இழப்பு பெரிது.

1990-களின் பிற்பகுதியில் தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில், நுனியில் பீங்கான் உருண்டை வைத்த ஐடி கத்தி இரைப்பைக் கட்டிகளை ஒரே துண்டாக உரித்தெடுப்பதற்காக உருவானது. நாகனோ மாவட்டத்தின் சாகு மத்திய மருத்துவமனையில் ஒயாமா ட்சுனேயோ கொக்கி வடிவக் கத்தியைக் கொண்டு அதே உத்தியை உணவுக்குழாய்க்கு எடுத்துவந்தார். இரைப்பைக்கு 2006-இலும் உணவுக்குழாய்க்கு 2008-இலும் ஜப்பானின் தேசியக் காப்பீடு இதை ஏற்றது. இதற்கு இஎஸ்டி என்று பெயர்.

செய்முறையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இம்முறையின் பலமும் ஆபத்தும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. முதலில் அயோடின் கரைசலைக் குழாயின் சுவர்மேல் தெளிப்பார்கள். இயல்பான செல்களில் கிளைக்கோஜன் இருப்பதால் அவை பழுப்பேறும். புற்றுச் செல்கள் நிறமேறாமல் வெளிறி நிற்கும். அந்த எல்லைக்குச் சில மில்லிமீட்டர் வெளியே மின்முனையால் புள்ளிகள் வைப்பார்கள். பிறகு கீழ்ப்படலத்துக்குள் நீலச்சாயம் கலந்த திரவத்தை ஊசியால் ஏற்றுவார்கள். சளிப்படலம் தசையைவிட்டு விலகி, எண்ணெயில் பூரியின் மேல்தோல் எழும்புவதுபோல எழும்பும். சுற்றிலும் கீறி, நீலமாகத் தெரியும் அந்த இடைவெளிக்குள் நுழைந்து, இழை இழையாக அறுத்துக்கொண்டே போக வேண்டும். இடம் குறுகலானது. பக்கத்தில் இதயம் துடித்துக்கொண்டிருக்கும், சுவரும் அதோடு சேர்ந்து ஆடும். வெளிப்பக்கம் இரைப்பைக்கும் குடலுக்கும் உள்ளதுபோன்ற உறை இங்கே இல்லை. கத்தி தசையைத் தாண்டினால் காற்று நேராக நெஞ்சுக்கூட்டின் நடுவே பாயும். தேர்ந்தவர்கள் கையில் இப்படித் துளை விழுவது நூற்றுக்குச் சில பேருக்கே, அதையும் பெரும்பாலும் கிளிப் போட்டு மூடிவிடுகிறார்கள். அறுத்த விளிம்பில் கிளிப் மாட்டி நூலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்தால் வேலை எளிதாகிறது. 2020-இல் வெளியான ஜப்பானிய ஒப்பீட்டு ஆய்வில் அறுவை நேரம் சுமார் 60 நிமிடத்திலிருந்து 45 நிமிடமாகக் குறைந்தது.

கட்டி வெளியே வந்த பிறகு நடப்பதை யாரும் படம் பிடித்துக் காட்டுவதில்லை. எனக்கு அதுதான் இந்தச் சிகிச்சையின் நடுநாயகம். ஈரத்தோடு சுருண்டுகொள்ளும் அந்தத் திசுவை உடனே பலகையில் விரித்து, விளிம்பெல்லாம் சிறு ஊசிகளால் குத்தி, எது வாய்ப்பக்கம் எது இரைப்பைப்பக்கம் என்று குறித்து, ஃபார்மலினில் இட வேண்டும். பிறகு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் முழுவதையும் சீவ வேண்டும். ஒவ்வொரு சீவலிலும் ஆழத்தை மைக்ரானில் அளக்க வேண்டும். நிணநீர்க்குழாய்களையும் சிரைகளையும் தனித்தனிச் சாயங்களால் துலக்கிப் பார்க்க வேண்டும். ஊசி குத்தாமல் சுருண்டபடியே ஃபார்மலினில் போட்டால் ஆழக்கணக்கு தவறிவிடும். ஒரு மணிநேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த வேலையின் பலன் ஐந்து நிமிட அலட்சியத்தில் போய்விடும்.

இனி எடைபோடலாம். மேலிரண்டு அடுக்குகளுக்குள் நிற்கும் செதிள்செல் புற்றில் எனக்குத் தயக்கமே இல்லை. 0.4 விழுக்காட்டுப் பரவல் வாய்ப்பை ஒழிப்பதற்காக அதைவிடப் பன்மடங்கு இறப்பு ஆபத்துள்ள அறுவையைச் செய்வதற்கு நியாயம் கிடையாது. இங்கே இஎஸ்டி செய்யும் வாய்ப்பு இருந்தும் உணவுக்குழாயை அகற்றுவது தவறான மருத்துவம். ஐரோப்பிய எண்டோஸ்கோப்பிச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும் மேலோட்டமான செதிள்செல் புற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு இஎஸ்டியையே பரிந்துரைக்கிறது.

நடுவிலுள்ளவர்கள் விஷயம் கடினம். தசைத்தகட்டைத் தொட்டவை, கீழ்ப்படலத்தை நுனியளவு தீண்டியவை. இங்கே இஎஸ்டிக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படுவது ஷாங்காயில் நடந்து 2019-இல் வெளியான ஒப்பீடு. 322 பேருக்கு இஎஸ்டி, 274 பேருக்கு அறுவை. ஒட்டுமொத்த இறப்பில் வேறுபாடு தெரியவில்லை. கடுமையான சிக்கல்கள் இஎஸ்டியில் 15.2 விழுக்காடு, அறுவையில் 27.7. கேட்பதற்கு வழக்கு முடிந்துவிட்டதுபோல இருக்கும். ஆனால் இது பின்னோக்கிப் பார்த்த ஆய்வு. யாருக்கு எது என்று முடிவு செய்தவர்கள் மருத்துவர்களும் நோயாளிகளும்தான், குலுக்கல் அல்ல. தொடர்ந்து கவனித்த காலத்தின் இடைநிலை அளவு இரண்டு ஆண்டுக்கும் குறைவு. நெறிக்கட்டியில் ஒளிந்திருக்கும் புற்று தலைகாட்ட அதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்ளலாம். சிக்கல்கள் குறைவு என்பதை இந்த ஆய்விலிருந்து நம்புகிறேன். உயிர்வாழ்வு சமம் என்பதை இதிலிருந்து மட்டும் நம்பத் தயாரில்லை.

சரி, குலுக்கல் முறையில் ஓர் ஆய்வு நடத்தலாமே என்று கேட்பீர்கள். கீழ்ப்படலம் வரை சென்ற புற்றுக்கு அறுவையா, கீமோவும் கதிர்வீச்சும் சேர்ந்த சிகிச்சையா என்று பார்க்க ஜேசிஓஜி 0502 அப்படித்தான் தொடங்கியது. 379 பேர் சேர்ந்தார்கள். குலுக்கலுக்கு ஒப்புக்கொண்டவர்கள் வெறும் 11 பேர். மற்றவர்கள் தங்கள் சிகிச்சையைத் தாங்களே தேர்ந்துகொண்டார்கள். ஐந்தாண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் அறுவைப் பக்கம் 86.5 விழுக்காடு, மறுபக்கம் 85.5. இது நோயாளிகளின் குறையல்ல. குழாயை இழப்பதா, வைத்துக்கொள்வதா என்பது ஒருவர் தன் வாழ்வைப் பற்றி எடுக்கும் முடிவு. அதைச் சீட்டுக்கு விட மனம் வராது. ஆகவே இந்தத் துறையில் உயர்தரச் சான்று எதிர்காலத்திலும் கிடைப்பது அரிது. கிடைத்ததைக் கொண்டு, அதன் பலவீனம் தெரிந்தே, முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த வெளிச்சத்தில் ஜேசிஓஜி 0508-க்குத் திரும்புகிறேன். உரித்தெடுத்தபின் கீழ்ப்படலத்தில் புற்று உறுதியான, அல்லது குழாய் ஊடுருவல் தெரிந்த 87 பேருக்கு ஐந்து வாரக் கணக்கில் 41.4 கிரே கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்தார்கள். மூன்றாண்டு உயிர்வாழ்வு 90.7 விழுக்காடு. ஒற்றை அணி ஆய்வு, ஒப்பிட அறுவை அணி இல்லை, மூன்றாண்டு என்பதும் நீண்ட காலமில்லை. இந்தக் குறைகளை எல்லாம் கழித்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. கீழ்ப்படலம் எட்டிய நோயிலும் முதலில் உரித்தெடுத்துப் பார்ப்பதால் நோயாளிக்குப் பிந்தைய வழிகள் அடைபடவில்லை. சிகிச்சை வேண்டாதவர் தப்பினார், வேண்டியவருக்குக் கிடைத்தது, அறுவை விரும்பியவர் அதன் பிறகும் அதற்குப் போகலாம். எண்டோஸ்கோப்பில் வைத்து அல்ட்ராசவுண்ட் பார்ப்பதால் இதே தெளிவு வராதா என்றால், வரவில்லை. ஜப்பானின் பல மையங்களில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு, வழக்கமான எண்டோஸ்கோப்பிக்குப் பின் அந்த அல்ட்ராசவுண்டையும் சேர்த்தபோது மிகைக்கணிப்பு குறையவில்லை என்றே கண்டது.

ஆக, நடுத்தர ஆழத்துக்கு என் தீர்ப்பு: இஎஸ்டியை முதற்படியாக ஏற்கலாம், முடிவாக ஏற்கக்கூடாது. அறிக்கையில் ஊடுருவலோ, கீழ்ப்படலத்தில் 200 மைக்ரானைத் தாண்டிய ஆழமோ, விளிம்பில் புற்றோ இருந்தால் அடுத்த சிகிச்சையைத் தவிர்க்கும் எந்த மையமும் நோயாளியை ஏமாற்றுகிறது. கட்டி தசைச்சுவரையே பற்றியிருப்பது எண்டோஸ்கோப்பில் தெளிவாகத் தெரிந்தால், அங்கே கத்தியை வைக்கவே கூடாது.

மேற்கு நாடுகளில் கதை மாறுகிறது. அங்கே மிகுதியாக இருப்பது, நெடுநாள் அமில எதுக்களிப்பால் குழாயின் அடிப்பகுதியில் உட்படலம் தன்மை மாறிய பாரெட் உணவுக்குழாயில் தோன்றும் சுரப்பிசெல் புற்று. ஜெர்மனியின் வீஸ்பாடனில் பெஹ், எல் ஆகியோரின் குழு சளிப்படலத்துக்குள் நின்ற இவ்வகைப் புற்றுள்ள 1000 பேருக்கு எண்டோஸ்கோப் சிகிச்சை கொடுத்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. 96.3 விழுக்காட்டினருக்கு நோய் முழுதாக நீங்கியது. அந்தப் புற்றால் இறந்தவர்கள் இரண்டே பேர். பெரும்பாலும் பயன்பட்டது எளிய இஎம்ஆர். இஎஸ்டியையும் இஎம்ஆரையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்டு 2017-இல் வெளியான சிறிய ஜெர்மன் ஆய்வில், விளிம்பு சுத்தமாக வந்தது இஎஸ்டியில் 17-க்கு 10, இஎம்ஆரில் 17-க்கு 2. ஆனால் மூன்று மாதத்தில் நோய் நீங்கியதில் வேறுபாடில்லை. இஎஸ்டி அணியில் இருவருக்குக் கடுமையான சிக்கல் வந்தது. இவ்வகைப் புற்றில் சுரப்பிசெல்கள் ஆழம் குறைவாக இருக்கும்வரை நிணநீருக்குள் அவ்வளவு எளிதில் புகுவதில்லை. மிச்சமிருக்கும் பாரெட் படலத்தை வெப்பத்தால் பொசுக்கி ஒழிக்கும் வழியும் கூடவே இருக்கிறது. எனவே சிறிய பாரெட் கட்டிக்கு இஎஸ்டி செய்தே தீரவேண்டும் என்று வற்புறுத்துவது கருவியின் மேலுள்ள காதல். பெரிய கட்டிக்கும், கீழ்ப்படலத்தில் இறங்கியிருக்கலாம் என்ற ஐயமுள்ள கட்டிக்கும் மட்டும் அது பொருந்தும்.

இஎஸ்டியின் பெரிய பாவம் துளையல்ல, சுருக்கம். குழாயின் சுற்றளவில் முக்கால்பங்குக்கு மேல் உரித்தால், புண் ஆறும்போது தழும்பு இறுகி வழியடைக்கும். எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலோருக்கு இது வரும். உணவு இறங்காமல், பலூன் வைத்து விரிக்க மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு அலைய வேண்டிவரும். ஸ்டீராய்டு இதைக் கணிசமாகத் தடுக்கிறது. புண்ணில் ட்ரையம்சினலோன் ஊசி போட்ட ஒரு ஜப்பானிய ஆய்வில் 66 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தது. வாய்வழி பிரெட்னிசலோன் கொடுத்த இன்னொன்றில் 31.8-இலிருந்து 5.3. சுற்றளவு முழுவதும் உரிக்கும்போது இவையும் பலவேளை கைவிடுகின்றன. வாரக்கணக்கில் வாய்வழி ஸ்டீராய்டு என்பது சர்க்கரைநோயும் காசநோயும் மலிந்த நம் நாட்டில் இலேசான விஷயமுமல்ல. மிகப் பெரிய கட்டியில் இஎஸ்டியின் மென்மை பற்றிய பேச்சை நோயாளியிடம் அளந்துதான் பேச வேண்டும்.

காப்பாற்றிய குழாய் எப்படிப்பட்ட குழாய் என்பதும் கேட்கப்பட வேண்டும். மதுவும் புகையிலையும் பல்லாண்டு பட்ட சுவர் முழுவதும் நோய்க்குப் பண்பட்ட நிலம். அயோடின் தெளித்தால் புள்ளிச் சிறுத்தையின் தோல்போல நிறமேறாத திட்டுகள் நிறையத் தெரிகிறவர்களுக்கு, ஒரு கட்டியை எடுத்த இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குப் புதிய கட்டி வந்ததாக 2016-இல் ஜப்பானின் கூட்டாய்வு கண்டது. மதுவை விட்டவர்களுக்கு அந்த இடர் ஏறக்குறையப் பாதியானது. அறுவை செய்து குழாயையே எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை மிகக் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே தொண்டையையும் சேர்த்து ஆண்டுதோறும் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வரமுடியாதவருக்கு இந்தச் சிகிச்சையின் லாபக்கணக்கு வேறு.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே உணவுக்குழாய்ப் புற்றில் பெரும்பங்கு செதிள்செல் வகை. புகையிலை, வெற்றிலைபாக்கு, மது ஆகியவை பெருங்காரணங்கள். வடகிழக்கு மாநிலங்களிலும் காஷ்மீரிலும் இந்நோய் மிகுதி. இஎஸ்டிக்கு மிகப் பொருத்தமான நோய்வகை நம்மிடம்தான் இருக்கிறது. ஆனால் அதைச் செய்யத் தகுந்த கட்டத்தில் நோயாளி வருவதில்லை. இட்லிகூட இறங்கவில்லை என்று வரும்போது கட்டி சுவரைத் தாண்டிவிட்டது. தொடக்கநிலைக் கட்டிக்கு அறிகுறியே இருக்காது, வெள்ளை ஒளியில் கண்ணுக்கும் சுலபமாகத் தப்பும். 2010-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், குறுகிய அலைவரிசை ஒளியைப் பயன்படுத்தியபோது மேலோட்டமான புற்றுகளில் 97 விழுக்காடு தென்பட்டன, வெள்ளை ஒளியில் 55 மட்டுமே. அந்த ஒளிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டும். அயோடினுக்கு வேண்டாம். சீனாவின் ஹெபெய் மாகாணத்து சிச்சியான் மாவட்டத்தில் 40 முதல் 69 வயதுள்ளோருக்கு ஒரேயொரு முறை அயோடின் தெளித்து எண்டோஸ்கோப்பி பார்த்ததற்கே, பத்தாண்டுக் காலத்தில் இந்நோயால் இறந்தவர் விழுக்காடு 5.05-இலிருந்து 3.35 ஆனது. இஎஸ்டிக்கான எந்தக் கத்தியும் இந்த அளவுக்கு மக்களைக் காப்பாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. கத்திக்கு வேலை தருவதே அயோடின் குப்பிதான்.

ஜப்பானிய மருத்துவர்கள் இஎஸ்டியை இரைப்பையில் பழகிக்கொண்டு, கை தேறிய பிறகே உணவுக்குழாய்க்கு வருகிறார்கள். தொடக்கநிலை இரைப்பைக் கட்டிகள் அரிதாகவே கண்டறியப்படும் நம் நாட்டில் அந்தப் படிக்கட்டு கிடையாது. பன்றியின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் பயின்றுவிட்டு நேரே மனிதரின் குழாய்க்குள் போகும் வழியைக் கண்டு எனக்கு அச்சம் வருகிறது. ஆகவே ஒவ்வொரு ஊரிலும் ஒரு மையம் என்று பரப்புவதைவிட, மாநிலத்துக்கு ஓரிரண்டு மையங்களில் நோயாளிகளைக் குவிப்பதே சரி. அந்த மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கத்தி வாங்கப் பணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், திசுவை ஊசி குத்தி விரிக்கவும் இரண்டு மில்லிமீட்டருக்குச் சீவவும் சாயமிட்டு ஊடுருவல் தேடவும் ஒரு பேத்தாலஜிஸ்டும் ஆய்வகமும் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இல்லாத இடத்தில் இஎஸ்டி வெறும் அறுப்பு வேலையாகிவிடும். அங்கே அதைவிட அனுபவமிக்க அறுவை மருத்துவரின் கையே நோயாளிக்குப் பாதுகாப்பு.

கட்டியை முழுசா எடுத்தாச்சு என்று சொல்லப்பட்டு வீட்டுக்குக் கிளம்பும் நோயாளியின் கையில் ஓர் அறிக்கை இருக்க வேண்டும். அதில் நான்கு விஷயங்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: ஒரே துண்டாக வந்ததா, பக்கவாட்டு விளிம்பும் அடிவிளிம்பும் சுத்தமா, எந்த அடுக்குவரை எத்தனை மைக்ரான், நிணநீர்க்குழாயிலும் ரத்தக்குழாயிலும் ஊடுருவல் உண்டா இல்லையா. நான்கில் ஒன்று விடுபட்டிருந்தாலும், அதே திசுக்கட்டைகளைக் கேட்டு வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டும் உரிமை அவருக்கு உண்டு. அதை அவரிடம் சொல்லியனுப்ப வேண்டியது கத்தியைப் பிடித்த மருத்துவர்.